மாமியார் வளர்த்த அமீபாக்கள்

உலகத்தில் அமீபாவைத் திட்டித் திட்டி வளர்த்த ஒரே மனிதர் எங்கள் ‘மாமியார்’தான். இன்னொருவர் இருப்பதாக யாராவது எழுதிப் போட்டாலும் நான் நம்பமாட்டேன்.

மாமியார் ஆண். மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தபடி இருந்த எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எதிலும் குறை கண்டுபிடிப்பார் என்பதால் அந்தப் பெயர். மைக்ராஸ்கோப்பைத் துடைத்தால் ஏன் துடைத்தாய் என்பார். துடைக்காவிட்டால் அதற்கும் ஒரு பாட்டு உண்டு. சென்ட் போட்டு வந்த புரொபசரையே வாசலில் நிறுத்திக் காற்றாட விட்டவர்.

அங்கே எனக்கு முனைவர் பட்ட ஆய்வு. கண்ணுக்குள் புகுந்து கருவிழியைத் தின்னும் ஒரு வகை அமீபாவுக்கு மருந்து தேடுவது. அது முதலில் ஓர் உப்பளத் தொழிலாளியின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. பாவம், அந்தக் கண் போய்விட்டது. அமீபாவை மட்டும் வாராவாரம் புதுச் சத்துக் கரைசலுக்கு மாற்றி மூன்று வருடம் வளர்த்தோம். மாமியார் தினமும் குப்பிகளைத் தூக்கிப் பார்த்து, தின்றுவிட்டுத் தூங்குவதுதான் இதுகளுக்கு வேலை என்று திட்டுவார். நான் சிரிப்பேன். அவர் சொன்னது ஓர் ஆய்வு முடிவு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் அதிசயம் நடந்தது. நான் காய்ச்சிய இலைச்சாற்றைக் கலந்ததும், அமீபாக்கள் தட்டில் வைத்த கண் செல்களைத் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை புதுச்சேரியில் கண் டாக்டர்கள் முன்னால் நான் பேச புரொபசர் ஏற்பாடு செய்துவிட்டார். நான் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

மாமியார் மட்டும் ஈரக் கையோடு வந்து நின்றார்.

“ஏம்மா, மருந்து போடாத தட்டுல என்னா ஆச்சு?”

“அது முதல் வருஷமே பார்த்தாச்சுண்ணா. ஒரே நாள்ல எல்லாத்தையும் தின்னுடுச்சு.”

“இப்ப பாக்கலியா?”

பார்க்கவில்லை. பழைய முடிவையே போதும் என்று வைத்துக்கொண்டேன். அன்றே சாறு கலக்காமல் ஒரு தட்டு வைத்தோம். மறுநாள் காலையில் செல்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. சாறு ஒன்றும் கிழிக்கவில்லை. உட்கார்ந்து தின்றே அமீபாக்களுக்குக் கடிக்கும் குணம் போய்விட்டிருந்தது.

அழுதேன். பேச்சை ரத்து செய்யச் சொன்னேன். அழுததற்கும் திட்டிவிட்டு, மாமியார் ஃப்ரீசரின் அடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். முதல் வாரமே உறையவைத்த அமீபா. இடத்தை அடைக்கிறது, தூக்கிப் போடு என்று புரொபசர் இரண்டு முறை சொல்லியும் ஒளித்து வைத்திருக்கிறார். அதை உயிர்ப்பித்து வளர்த்துப் பார்த்தோம். என் சாற்றோடு சேர்த்தே செல்களைத் தின்று தீர்த்தது.

“இது உப்பளத்துலேர்ந்து வந்தாப்புலயே இருக்குது. நீ வளத்தது உக்காந்து தின்னது,” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பேசியிருந்தால் யாரோ ஒரு டாக்டர் நம்பியிருப்பார். இன்னொரு தொழிலாளியின் கண் என் சாற்றை நம்பிக் கெட்டிருக்கும். சொகுசாக வளரும் அமீபா எப்படிச் சாதுவாகிறது என்பதையே ஆய்வாக எழுதிப் பட்டம் வாங்கினேன். இந்தச் சந்தேகம் எப்படி வந்தது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். எனக்கு வரவில்லை, அவருக்குத்தான் வந்தது என்று மாமியார் நின்றிருந்த வாசல் பக்கம் கைகாட்டினேன். அதற்குள் அவர் ஓடிவிட்டார்.

நன்றி சொல்ல வாயைத் திறந்தாலே குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி, இவ்வளவு தூசியோடு என்னத்தைப் பார்க்கிறாய் என்று திட்டியபடியே வேட்டி முனையால் துடைத்துக் கொடுத்தார். எனக்காக வேறு யாரும் இவ்வளவு அக்கறையாகத் திட்டியதில்லை.