ரெண்டாந்தரம் அண்ணாச்சி பார்க்காத நாலாம் பாகம்

சினிமாவைத் தரம் பிரிக்கத் தெரிந்தவர் தமிழ்நாட்டிலேயே ஒரே ஒருவர்தான். அவரும் கோவில்பட்டியில், மிளகாய் வத்தல் மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். நாமெல்லாம் சும்மா படம் பார்க்கிறவர்கள். அவர் தரம் பார்க்கிறவர். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 'ரெண்டாந்தரம் அண்ணாச்சி' என்று கேட்டால், நாகலாபுரத்திலிருந்து மூட்டை ஏற்றிவரும் லாரி டிரைவர்கூட வழி சொல்லிவிடுவார்.

அவருடைய வேலையே வத்தலைத் தரம் பிரிப்பதுதான். மூட்டை வந்து இறங்கியதும் வாயைப் பிரித்து மேலே ஒரு கை அள்ளுவார். பிறகு முழங்கை வரை உள்ளே விட்டு நடுவில் ஒரு கை. அப்புறம் சாக்கைச் சாய்த்து அடியில் ஒரு கை. நிறம் பார்ப்பார், காம்பு பார்ப்பார், காதோரம் கொண்டுபோய் ஒரு நசுக்கு நசுக்கிச் சத்தம் கேட்பார். "ரெண்டாந்தரம்" என்பார். அதற்குக் கீழே மூன்றாம் தரம் உண்டு, வெளுத்துப்போன சோடை உண்டு. மேலே எதுவும் கிடையாது. முதல் தரம் என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர் யாரும் இல்லை.

ஒருமுறை ஒரு விவசாயி, பார்த்தாலே நாக்கு எரிகிற மாதிரி சிவந்த சம்பா வத்தலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அழாத குறையாகக் கேட்டார். "அண்ணாச்சி, இதுக்கு மேல எப்படி வெளைய வைக்கணுங்கிய?"

"நல்லாத்தான் இருக்கு. இதுக்கு முதல் தரம்னு சொல்லிட்டேன்னா, நாளைக்கு இதைவிட நல்லதா ஒண்ணு வந்தா அதை எங்கன வைக்க? உம்ம தலையிலயா?"

நல்லவேளையாக, இவர் ரெண்டு என்றால் அது ஒன்று என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். விலை ஒழுங்காகவே போகும். விவசாயிக்கு மனசுதான் ஆறாது.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு 'ஏழு கதவுக் கோட்டை'ப் பைத்தியம் பிடித்தது எங்கள் கெட்ட நேரம். வெள்ளைக்காரன் எடுத்த மாயாஜாலப் படம் அது. தமிழில் பேச விட்டிருந்தார்கள். ரெக்கை முளைத்த பாம்பு ஒன்று, பள்ளிக்கூடத் தமிழய்யா மாதிரி சுத்தத் தமிழில் வசனம் பேசும். பாகத்துக்கு ஒரு கதவு திறக்கும். அப்போது ஐந்து பாகம் வந்திருந்தது.

நான் அந்த நாளில் மண்டிக்கு எதிரே உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் மண்டியை ஒட்டிய டீக்கடையில் எந்தப் பாகம் ஒசத்தி என்று சண்டை ஆரம்பித்துவிடும். டீ மாஸ்டர் முதல் பாகத்துக் கட்சி. நான் மூன்றாம் பாகம். அண்ணாச்சியின் பட்டியலோ எடுத்த எடுப்பிலேயே இரண்டாம் இடத்திலிருந்துதான் தொடங்கும்.

"ரெண்டாவது எடம், மூணாம் பாகம். மூணாவது எடம், முதல் பாகம். நாலாவது, ரெண்டாம் பாகம். அஞ்சாவது, அஞ்சாம் பாகம். நாலாம் பாகம் ஆறாவது. அது சுத்தச் சோடை."

"முதல் எடம் யாருக்கு அண்ணாச்சி?"

"காலி."

"அஞ்சு படத்துக்கு ஆறு எடமா?" என்று டீ மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏலே கோட்டிக்காரா, இனிமே வாரவனுக்கு எடம் வேண்டாமா?"

அவர் படம் பார்க்கிற முறை இதைவிடக் கூத்து. முதல் நாள் தியேட்டருக்குப் போவார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடுவார். அது மேல் கை. மறுநாள் இன்னொரு டிக்கெட் எடுத்து, இடைவேளையை ஒட்டி உள்ளே போய் ஒரு சண்டை, ஒரு மாயாஜாலம் பார்ப்பார். அது நடுக் கை. மூன்றாம் நாள் கிளைமாக்ஸ். அது அடிக் கை. அண்ணாச்சிக்கு வயிறு சரியில்லை என்று தியேட்டர் வாட்ச்மேன் ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தார்.

"அதான் டிக்கெட் எடுக்கியள்லா, முழுசா உக்காந்து பாத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மூட்டையத் தரையில கொட்டிப் பாக்கவன் தரம் பாக்கவனாடே? கை சொல்லிரும்."

இவ்வளவு அகராதி பிடித்த, வறட்டுப் பிடிவாதக்கார மனிதரைக் கரிசல்காடு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இது இருக்கட்டும்.

ஆனால் ஒன்றை மெச்சித்தான் ஆகவேண்டும். மண்டி வாசலைத் தாண்டினாலே நமக்கெல்லாம் அடுக்குத் தும்மலும் கண்ணீருமாய் வந்துவிடும். வத்தல் நெடி அப்படி. அதன் நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தும் அண்ணாச்சி ஒரு தும்மல் போட்டதில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. மனுஷன் இரும்பு.

இந்த இரும்புக்கு ஒரே மகள், மகேஸ்வரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். கயத்தாறு பைபாஸில் லாரி டயர் கடை வைத்திருக்கும் முத்துக்குமாருக்கும் அவளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று. ஜாதகம் பொருந்தியது, வசதி பொருந்தியது, இரு வீட்டாரும் தலையாட்டினார்கள். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மகேஸ்வரி உரக்கடைக்கு ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, அவிய போன்ல ஸ்டேட்டஸ் வச்சிருக்காவ. நாலாம் பாகம்தான் டாப்புன்னு. அப்பா முன்னால இதைச் சொன்னாவன்னா எங் கல்யாணம் அம்புட்டுதான். நீங்க சொல்லிக் குடுங்கண்ணே."

உடனே முத்துக்குமாருக்குப் போன் போட்டேன். "தம்பி, ஒரு நாளைக்கு மூணாம் பாகம்னு மாத்திச் சொன்னா குறைஞ்சா போவே?"

"அண்ணே, ஒட்டுப் போட்ட டயரப் புதுசுன்னு சொல்லி நான் வித்ததில்ல. இதையும் சொல்ல மாட்டேன்."

எடுபட்ட பயல்! மாமனாருக்கு ஏற்ற மருமகன்தான் என்று வைதுவிட்டுப் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டில் கேசரி, பஜ்ஜியோடு சபை கூடியது. நானும் போயிருந்தேன். அண்ணாச்சி சம்பாத்தியத்தைப் பற்றிக் கேட்கவில்லை, குடிப்பாரா என்றும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ள, ஏழு கதவுக் கோட்டை பாத்திருக்கியளா?"

மதினி, அதாவது அவர் வீட்டம்மா, தலையில் அடித்துக்கொண்டார்.

"அஞ்சையும் பாத்திருக்கேன் மாமா."

"எது ஒசத்தி?"

அடுப்படி வாசலில் நின்ற மகேஸ்வரி மூன்று விரலைக் காட்டினாள். நானும் பஜ்ஜி விக்கிய மாதிரி இருமினேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். "நாலாம் பாகம்."

"அது சோடை."

"இல்ல மாமா."

"மூணு கை போட்டுப் பாத்தவன் சொல்லுதேன்."

"நடுக் கைக்கும் அடிக் கைக்கும் இடையில ஒரு காவல் பூதம் வருமே மாமா, அது உங்க கையில சிக்கிச்சா?"

"எந்தப் பூதம்?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. முகம் வத்தலாகச் சிவந்தது. "எங் கை தப்பும்பியளோ? இந்தச் சம்பந்தம் சரிவராது. காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்த பூத்தட்டைத் திரும்பக் கையில் எடுத்துவிட்டார். மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். முத்துக்குமார் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"கெளம்புதேன் மாமா. நாலாம் பாகத்த ஒரு தடவ முழுசாப் பாத்துட்டுச் சோடைன்னு சொல்லுங்க. உடனே கெளம்புதேன்."

மதினி பொங்கிவிட்டார். "பாத்துத்தான் தொலைங்களேன்! ஒரு படத்த ஒழுங்கா உக்காந்து பாக்கத் துப்பில்ல, பெத்த பிள்ள வாழ்க்கையில கை போட வந்துட்டிய!"

போனை டி.வி.யில் மாட்டினார்கள். இரண்டு குடும்பமும் பாயில் உட்கார்ந்தது. மறுபடியும் பஜ்ஜி வந்தது. படம் ஓடிக் கொஞ்ச நேரத்தில் பழக்க தோஷத்தில் அண்ணாச்சி எழுந்தார். மதினி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

நடுப்பாதி தாண்டி அந்தப் பூதம் வந்தது. நாலாம் கதவுக்கு அதுதான் காவல். வாசலில் கிடந்த ஒரு பெண் குழந்தையை எடுத்து அதுவே வளர்த்துவிடுகிறது. பெண் வளர்ந்து, கதவுக்கு அந்தப் பக்கம் போகவேண்டும் என்கிறாள். பூதம் கூடப் போக முடியாது. யாருக்கும் திறக்காத கதவைத் தன் கையால் திறந்துவிடுகிறது. அவள் காலடிச் சத்தம் கேட்கிற வரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. பிறகு மெள்ள, ரொம்ப மெள்ள, கதவைச் சாத்துகிறது.

வசனமே இல்லை. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அண்ணாச்சியின் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"வத்தல் கையக் கண்ணுல வச்சிட்டேன்" என்றார்.

அன்றைக்கு மண்டி லீவு. அதை யாரும் சொல்லவில்லை.

படம் முடிந்தது. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மகேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சோடையில்ல" என்றார். "ஒரு எடம் ஏத்துதேன். அஞ்சாவது."

"அஞ்சாவதா? அநியாயம் மாமா!" என்று எழுந்தேவிட்டான் அந்தப் பயல்.

"மிச்சத்தக் கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கிடலாம் மாப்பிள்ள."

மகேஸ்வரி அழுகையும் சிரிப்புமாக உள்ளே ஓடினாள். மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டை மறுபடி இறக்கி வைத்தார். மதினி சும்மா இருந்திருக்கலாம். "அப்போ மாப்பிள்ளயப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

"ரெண்டாந்தரம்" என்றார் அண்ணாச்சி.

மாப்பிள்ளை வீட்டார் முகம் விழுந்த விழுகையைத் தூக்கி நிறுத்த நான் பட்ட பாடு! உரக்கடைப் பில் கணக்கெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆறாம் பாகம் வந்தபோது மாமனாரும் மருமகனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்கள். அண்ணாச்சி தினமும் கயத்தாறுக்குப் போன் போடுகிறார். "எங்கிட்டப் பேசுதது கொஞ்சம், அவியகிட்டப் பேசுததுதாண்ணே கூட" என்று மகேஸ்வரி குறைப்படுகிறாள். முத்துக்குமார் விடாமல் வாதாடி நாலாம் பாகத்தை இப்போது மூன்றாம் இடம் வரைக்கும் ஏற்றிவிட்டான். முதலிடம் இன்னும் காலிதான்.

மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று கை வழக்கம் அப்படியே இருக்கிறது. மண்டிக்கு வருகிற இந்தப் பத்திரிகையையும் அவர் அப்படித்தான் படிக்கிறார். என் கட்டுரையில் மேலே ஒரு பத்தி, நடுவில் ஒரு பத்தி, அடியில் ஒரு பத்தி. அதனால்தான் மேலேயும் நடுவிலேயும் நல்ல வத்தலாகப் பார்த்து வைத்திருக்கிறேன். இடையில் அவரைத் திட்டியதெல்லாம் அவர் கையில் சிக்காது.

அடிக் கை விழுகிற இடம் இதுதான். அண்ணாச்சி, நாளைக்கு உங்களைவிட நல்லவர் ஒருத்தர் வந்தால் எங்கே வைப்பது என்கிற கவலை எனக்கில்லை. நீங்க முதல் தரம்.