தெருவுக்கு ஒரு ஏசி

ஸ்டெபிலைசர் டக்கென்று ஒரு சத்தம் போட்டது. மூன்றாவது தடவையாக ஏசி நின்றது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த முப்பது பேரும் சிங்காரவேலுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வோல்டேஜ் கம்மி. இப்ப வந்துரும்" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லை.

மீன்பிடித் தடைக்காலம். கோட்டுச்சேரிமேட்டில் விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தது. ஆண்களெல்லாம் வீட்டில் ஏசிக்குக் கீழே கிடந்தார்கள். ஒரே வாரத்தில் டிரான்ஸ்பார்மர் இரண்டு தடவை புகைந்தது. அப்போதுதான் ஊர்ப் பஞ்சாயத்தில் சிங்காரவேலு அந்த யோசனையைச் சொன்னார். வலை விட முறை வைப்பதில்லையா? அதுபோல ஏசிக்கும் முறை. மாலை ஆறிலிருந்து பத்து வரை, தெருவுக்கு ஒரே வீட்டில்தான் ஓடும். மற்றவர்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "எங்க தெருவுல ரெண்டாவது ஏசி ஓடுச்சுன்னா, நான் இனிமே பஞ்சாயத்துல உக்காரவே மாட்டேன்" என்றும் சொல்லி வைத்தார். இருபது வருடமாக அவர் உட்கார்ந்திருக்கும் இடம் அது.

இன்று முதல் நாள். முதல் முறை அவர் வீடு.

"நீலா, பிரிட்ஜ நிறுத்து."

"உள்ள மாவு இருக்குங்க, பொங்கிரும்" என்றாள் மனைவி நீலாயதாட்சி.

"பொங்கட்டும்."

பிரிட்ஜ் நின்றது, ஏசி வரவில்லை. டிவியை நிறுத்தினார். தொடர் பார்ப்பதற்காகவே வந்திருந்த ஆறு பெண்கள் அவரை எரித்துவிடுவது போல் பார்த்தார்கள். அப்போதும் ஏசி வரவில்லை.

"எவனோ திருட்டுத்தனமா போடுறான். எந்த வீடு வரல?"

"தேவிகா அக்கா வீடும் தியாகராசன் மாமா வீடும்ப்பா" என்றாள் மகள் பாரதிப்ரியா.

"போய்க் கூட்டிட்டு வா. தெருவுல ஒரு ஆள் மிச்சம் இருக்கக் கூடாது."

இரண்டு குடும்பமும் வந்தது. பத்து நிமிடம் தாமதமாக, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள் தேவிகா. முகமெல்லாம் வியர்வை.

"ஏம்மா, ஏசி போட்டிருந்தியா?"

"சத்தியமா இல்லண்ணே! இவ்வளவு நேரம் பேன்லதான் கெடந்தோம். என் மூஞ்சியப் பாருங்க."

பார்த்தார். பாவமாக இருந்தது.

இப்போது அவரோடு சேர்த்து முப்பத்தொன்பது பேர். ஏசி இரண்டு நிமிடம் ஓடி மறுபடி நின்றது. இந்தத் தடவை டியூப் லைட்டும் சேர்ந்து மங்கியது.

"சன்னலச் சாத்துங்க. இருக்கற குளிரும் வெளிய போவுது."

சாத்தினார்கள். இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு குழந்தை வீறிட்டது. ஆனால் பெரியவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இலேசான புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

சிங்காரவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு கட்டுப்பாடா? இந்த ஜனத்துக்கா மின்சாரம் தர மாட்டேன் என்கிறார்கள்? போனை எடுத்து லைன்மேன் கலைவாணனைப் பிடித்தார்.

"முப்பத்தொம்பது பேரு வெந்துகிட்டு இருக்கோம். ஒடனே வாங்க!"

லைன்மேன் என்றதும் கூடத்தில் ஒரு சலசலப்பு.

"அண்ணே, அடுப்புல பால வச்சது மாதிரி இருக்கு. பாத்துட்டு வந்துர்றேன்" என்று தேவிகா எழுந்தாள்.

"எனக்கும் கொஞ்சம் வேல கெடக்கு மாப்ள" என்று தியாகராசனும் எழுந்தார்.

"உக்காருங்க! அவரு வந்து கண்ணால பாக்கணும். ஒருத்தரும் நவுரக் கூடாது." சிங்காரவேலு வாசல் கதவைத் தாழ் போட்டார்.

அரை மணி நேரத்தில் கலைவாணன் வந்தார். டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வந்தவர் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்க சார்! பத்து வீட்டு ஜனமும் இங்கதான் இருக்கு. எண்ணிக்கிடுங்க. தெரு பூராவுக்கும் இந்த ஒரு ஏசிதான். இதுக்குக்கூட கரண்டு குடுக்க முடியலியா ஒங்களுக்கு?"

முப்பத்தெட்டுத் தலைகள் குனிந்தன.

கலைவாணன் மெதுவாகச் சொன்னார்: "போய்ப் படுக்குறப்ப ரூம் ஜில்லுனு இருக்கணும்னு பூட்டுன ஒம்போது வீட்லயும் ஏசியப் போட்டுட்டு வந்திருக்காங்கய்யா, பத்தாவது ஏசி ஒங்க மாடியிலதான் ஓடுது."