இலை விழுந்தால் பிடிக்காதவர்

உங்கள் குடியிருப்புத் தாமானிலும் ஒருவர் இருப்பார்: மரத்தைக் கண்டால் கை அரிக்கிற மனிதர். கையில் விளக்குமாறு, கண் கிளைமேல், வாயில் ஓயாமல் “குப்பை, குப்பை.”

எங்கள் குனோங் ராபாட் தாமானில் அந்தப் பதவியை வகித்தவர் சதாசிவம். தோட்டத்தில் அரை ஆயுள் ரப்பர்ச் சருகை மிதித்தவர். எழுபதுகளின் கடைசியில் வரிசை வீடு வாங்கி வந்ததும், வாசலில் நின்ற அங்சானா மரத்தை வெட்டி, செம்பருத்தியைப் பிடுங்கி, புல்லைக் கொத்தி, சாக்கடை வரைக்கும் சிமெண்டு பூசி, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, “பிங்கான் தட்டு மாதிரி இருக்குல்ல?” என்று கேட்டார். இருந்தது. மேற்குப் பார்த்த வீடு; மத்தியானத்துக்கு மேல் அந்தப் பிங்கானில் பூனைகூடக் கால் வைக்காது.

அவருடைய காடி, அதுதான் கார், எங்கே நிற்கும் என்கிறீர்கள்? எதிர்வீட்டு ஸ்டானிஸ்லாஸின் மாமரத்தடியில்தான்.

“அண்ணே, அந்த மரத்த வெட்டிருங்கலா. இலை இங்க பறந்து வருது.”

“வெட்டலாம். உங்க காடிய எங்க போடுவீங்க?”

“அது வேற விஷயம்லா!”

ஒரு ஞாயிறு மாலை, மகள் நவமணியைப் பெண் பார்க்க சிம்பாங் பூலாயிலிருந்து வந்தார்கள். வீட்டுக்குள் புழுக்கம், சிமெண்டு முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் முந்தானையால் விசிறினார், பிறகு காலைத் தூக்கிக்கொண்டார், பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். ஒவ்வொருவராக எல்லோரும் தாண்டினார்கள். ஸ்டானிஸ்லாஸின் மனைவி எல்ஸி ஐஸ் போட்டு ரோஸ் சிராப் கலக்கினாள். நவமணி தேநீர்த் தட்டோடு, பஸ்ஸுக்கு வழிவிட்டு, ரோட்டைக் கடந்தாள்.

“பொண்ணு உங்க பொண்ணா?” என்று எல்ஸியைக் கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

சதாசிவத்துக்குச் சுருக்கென்றது. தன் முற்றத்தில் தனியாக, சட்டை நனைய, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மனைவி மங்களம் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்: “மக கல்யாணம் பெருசா, ஒங்க சிமெண்டு பெருசா? வாங்க!”

போனார். மாமரத்தடியில் காற்று வந்தது. மேல் பொத்தானைக் கழற்றினார். சம்பந்தம் நிச்சயமானது.

மனிதர் திருந்தி மறுவாரமே மாங்கன்று நட்டார் என்றா நினைக்கிறீர்கள்? முற்றம் முழுக்கத் தகரக் கூரை போட்டார். உள்ளே அடுப்பாக வேகிறது. இப்போது எதிர்வீட்டில் உட்கார்ந்து, அந்தக் கூரையின் அழகைத் தூர இருந்து ரசிக்கிறார்.

சிரியுங்கள், சிரியுங்கள். நேற்று உங்கள் வாசலில் அண்ணாந்து பார்த்து, “இந்த ஒரு கிளைய மட்டும் எடுத்துட்டா நல்லா வெளிச்சம் வரும்லா” என்று சொன்னது யார்?