விசுவமடு வீரையாவின் வலது கை

"சேர், விசுவமடு வீரையாவின்ர பிடி திரும்பவும் கூடிப்போச்சு," என்றார் கிளினிக் தாதி நேசமலர் மிஸ்.

"எவ்வளவு?"

"ஐம்பத்தாறு கிலோ."

டொக்டர் நிருஷன் தலையில் கைவைத்தார். காலையில் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் விரிவுரை, பின்னேரம் ஆஸ்பத்திரியில் முறிந்த எலும்புகள் என்று இரண்டு தோணியில் கால் வைத்த மனிதர். பேராசிரியர் பதவிக்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆராய்ச்சி. மணிக்கட்டு முறிந்தவருக்குக் கைப்பலம் எப்போது திரும்புகிறது? கிளினிக்கில் அன்றன்றைக்கு நிற்கும் மிஸ்மார் கைப்பிடிப் பலம் அளக்கும் மெஷினைப் பிடிக்கச் சொல்லிக் கொப்பியில் எழுதுவார்கள். இவர் அந்த எண்களைப் படிப்பார்.

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் ஒழுங்காக ஆறினார்கள். வீரையா மட்டும் மாவுக்கட்டு வெட்டிய கிழமையே முப்பத்தெட்டுக் கிலோ பிடித்தார். மெஷின் பிழை என்று கொழும்பிலிருந்து புதிது எடுப்பித்தார் நிருஷன். அதில் நாற்பத்துநாலு. இப்போது இது.

"ஆள் எங்க?"

"பஸ்ஸுக்கு ஓடிட்டார் சேர். நீங்கள் ஒருக்கால் பிடிச்சுப் பாருங்கோவன்."

நிருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். முப்பத்தொன்று.

"முறியாத கைக்குப் பரவாயில்லை சேர்."

ரோசத்தில் வீரையாவின் மனைவி பேச்சியம்மாவுக்கு ஃபோன் எடுத்தார். "உங்கட மனுசன் என்ன சாப்பிடுறவர்?"

"குரக்கன் பிட்டுத்தான் ஐயா."

போதாதா? ஆராய்ச்சிக் கட்டுரையில் குரக்கன் ஏறியது. வார்டில் முறிந்த கைகளுக்கெல்லாம் குரக்கன் பிட்டு. வீட்டிலும் மூன்று வேளையும் அதுதான். நாலாம் நாள் அவருடைய மகள் ஒரு துண்டுப் பாணுக்கு அழுதாள்.

கட்டுரையைப் படித்த தேர்வுக்குழுத் தலைவர் கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். "அந்தக் கையை நான் நேரில பார்க்கவேணும். பதவிக் கதை அதுக்குப் பிறகு."

நிருஷன் ஒரு குறையும் வைக்கவில்லை. தன் சொந்தக் காரை விசுவமடுவுக்கு அனுப்பி, புருசன் பெண்சாதி இருவரையும் கதவு திறந்து இறக்கினார். வீரையா தலைவருக்கு முன்னால் மெஷினைப் பிடித்தார். முகம் கறுத்தது.

ஒன்பது கிலோ.

"இன்னொருக்கால் பிடியுங்கோ அண்ணை," என்று கெஞ்சினார் நிருஷன்.

எட்டு.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டு வருட உழைப்பு கண்முன்னால் கவிழ்ந்ததைப் பார்த்த நிருஷனுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

பேச்சியம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. கிளினிக் கொப்பியோடு முன்னுக்கு வந்தார்.

"கவலைப்படாதேங்கோ ஐயா, பஸ்ஸில கம்பி பிடிக்க ஏலாத மனுசனை, கார் வந்த சந்தோசப் புளுகத்தில நான்தான் கூட்டிக்கொண்டு வந்திட்டன், அடுத்த கிளினிக்குக்குப் முந்தி எல்லாமுறையும் போல, அரிசி மில்லில மூட்டை தூக்கிற கோகுலனிட்டயே கொப்பியைக் குடுத்து விடுறன்."