ட்வீட்டருக்கு வெச்ச பொட்டு

அந்த சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஸ்பீக்கரோட கீச்சுக் குரலைக் குறைக்கணும்.

குரோம்பேட்டையில வாடகைக்கு இருந்த நேரம். கேசட் காலம். அலமாரியில வைக்கிற மாதிரி சின்னதா ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருந்தேன். தெருவுலயே சவுண்டு பத்தித் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்னு நெனப்பு வேற! பாட்டுல 'ச' வந்தா போதும், ஊசி மாதிரி காதுல இறங்கும்.

"ஏங்க, நாளைக்கு எங்கப்பா கூடுவாஞ்சேரியிலேர்ந்து வர்றாரு. போன தடவையே காதைப் பொத்திக்கிட்டுப் பாதியில எழுந்து போனாரு. நாளைக்கும் அப்படி ஆச்சுன்னா இது ரெண்டும் பரண் மேலதான்!"ன்னா என் மனைவி.

எங்க வீட்டுல பரண் ஏறின எந்தப் பொருளும் திரும்பி இறங்கினதில்ல.

பம்மல்ல இருக்கற ஆபீஸ் நண்பன் பாஸ்கர்கிட்ட ஓடினேன்.

"இன்னா மச்சான், இதுக்குப் போயி பேஜாராவுற? மேல சின்னதா குந்திகினு கீதே, அதான் ட்வீட்டர். கீச்சு சத்தமே அதுலேர்ந்துதான் வருது. அது நடுவுல வட்டமா ஒரு ஃபெல்ட் துணி ஒட்டு. கம்முனு ஆயிடும்!"

ஃபெல்ட் துணிக்கு ஜி.எஸ்.டி. ரோடு பூரா அலைஞ்சேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர், "அப்படின்னா இன்னா சார்?"ன்னாரு. எனக்கும் சரியாத் தெரியாது. "நல்லா மெத்துனு இருக்கும்"னேன். டர்க்கி டவல் எடுத்துக் காட்டினாரு!

வெறுங்கையோட வீட்டுக்கு வந்தா, கண்ணாடி பக்கத்துல மனைவியோட ஸ்டிக்கர் பொட்டு அட்டை. வட்டம். வெல்வெட். பசைகூட அதுலயே இருக்கு! நான் ஒரு விஞ்ஞானிங்கறது அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

ஸ்பீக்கர் முன்னாடி இருந்த துணி மூடியைக் கழட்டி, ரெண்டு ட்வீட்டருக்கும் நட்ட நடுவுல ஆளுக்கொரு மெரூன் பொட்டு ஒட்டினேன்.

அட, சத்தம் அடங்குச்சு!

மூடியைத் திரும்பப் போட்டிருக்கலாம். போட்டா அது நானா? மாமனார் என் கைவேலையைப் பார்க்க வேணாமா?

மறுநாள் மாமனார் வந்தாரு. பாட்டு போட்டேன். 'ச' பதமா வந்துச்சு. அவர் காதைப் பொத்தவே இல்ல! ஜெயிச்சுட்டோம்டான்னு எனக்கு ஒரே குஷி.

அப்பதான் அவர் ஸ்பீக்கரைப் பார்த்தாரு.

"மாப்பிள்ளை! ஆயுத பூஜைக்கு சைக்கிளுக்குக்கூடப் பொட்டு வைக்க மாட்டீங்க. இதுக்குப் பூஜை போட்டீங்களா!"

அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. உள்ளதைச் சொல்ல மனசு வரல. "ஆமா மாமா"ன்னு சொல்லித் தொலைச்சேன்.

"ஆனா பூஜைக்கு ஸ்டிக்கரா? அம்மா, சந்தனம் குழைச்சுக் கொண்டாம்மா!"ன்னு மகளுக்குக் குரல் கொடுத்தாரு.

"மாமா, அந்த இடத்துல அழுத்தக் கூடாது..."ன்னு நான் எழுந்திருக்கறதுக்குள்ள, மெரூன் பொட்டு மேலயே கட்டைவிரலால சந்தனத்தை அப்பி, பக்தியோட ஒரு அழுத்து அழுத்தினாரு. 'டொக்'. ட்வீட்டர் நடுவுல புடைச்சுக்கிட்டு இருந்த வட்டம் உள்ள போயி குழியாயிடுச்சு.

"ஒண்ணுக்கு மட்டும் வெச்சா நல்லாவா இருக்கும்?"ன்னு அடுத்ததுக்கும் ஒரு 'டொக்'.

அதுக்கப்புறம் பாட்டு போர்வைக்குள்ளேர்ந்து வந்துச்சு. 'ச' ஊர்லயே இல்ல. மாமனார் கண்ணை மூடித் தாளம் போட்டாரு. "இப்பதான் கேக்க சுகமா இருக்கு. இது ஹால்லயே இருக்கட்டும்மா!"

ட்ரெபிளை, அதான் அந்தக் கீச்சுக் குரலை, குறைக்க எலெக்ட்ரானிக்ஸ் புத்தகத்துல எத்தனையோ வழி போட்டிருக்கான். மாமனாரோட கட்டைவிரலை மட்டும் ஒருத்தனும் எழுதல.