கொட்டகை வளவில் என் புருஷன் செத்த கதை

கட்டிய புருஷனைக் கூடத்தில் படுக்கவைத்து, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றவள் நான். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். இதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று எங்கள் சொந்தத்தில் பலரும் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். நான் வெட்கப்படுவதாக இல்லை. வெட்கப்பட வேறொரு விஷயம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சங்கரன்கோவிலில் நாடகக் கொட்டகைக்குப் பின்னால் அப்போது ஒரு வளவு இருந்தது. நடுவில் ஒரு முற்றம், ஒரு கிணறு, சுற்றி எட்டு வீடுகள். (வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கூடம், ஒரு அடுப்படி, அவ்வளவுதான்.) ஏழு வீடுகளில் நாடகக்காரர்களும் மேளக்காரர்களும் குடியிருந்தார்கள். காலையில் கண் விழித்தால் ஒரு வீட்டில் தவில், இன்னொரு வீட்டில் ஆர்மோனியம், மூன்றாவது வீட்டில் ஒரு ராஜா யாரையாவது நாடு கடத்திக்கொண்டிருப்பார். கௌரவமான குடும்பங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனாலேயே வாடகை மற்ற தெருக்களில் பாதி. அதனாலேயே ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஆவுடையப்பனின் பெண்டாட்டியான எனக்கு அந்த எட்டாவது வீடு கிடைத்தது. வெள்ளைக்காரன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அந்த வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றுதான் சுதந்திரம்.

குருவிகுளத்தில் என் மாமனார் வீட்டில் பதின்மூன்று பேர், ஒரே அடுப்பு. நான் கடைசி மருமகள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பது என் பங்கு. புருஷனோடு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் மாட்டுத் தொழுவத்துக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் மாடுகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பது போலவே இருக்கும். இவருக்குச் சங்கரன்கோவிலில் வேலை கிடைத்ததும் மாமனார் அரை மனதாகத்தான் எங்களை அனுப்பினார். "அங்கன இடம் சரியில்லேன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே ரெண்டு பேரையும் கூட்டியாந்துருவேன். அவன் சைக்கிள்ல போய்ட்டு வரட்டும்" என்றார்.

ஆகவே நான் கடிதத்தில் இப்படி எழுதினேன்: "சந்தடி இல்லாத தெரு. அக்கம்பக்கம் எல்லாரும் பெரிய மனிதர்கள்." (இது முழுப் பொய் ஆகாது. பக்கத்து வீட்டு ரத்தினம் அண்ணாச்சி வாரத்தில் நாலு நாள் மகாராணியாக இருந்தவர்.)

ரத்தினம் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து வயது, நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம். மீசையை மழித்து மழித்து மேலுதடு பச்சையாக இருக்கும். அவர் சேலை கட்டுகிற நேர்த்தியைப் பார்த்து என் கொசுவத்தை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டியிருக்கிறேன்.

கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவதாக மாமனார் கார்டு போட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய், "தபசு அன்னைக்கு ஒரு நாள் மட்டும் யாரும் பாடாம, கொட்டாம, கதவைச் சாத்திட்டு உள்ள இருங்க. எங்க மாமா அத்தைக்கு நீங்க யாருன்னு தெரியவேண்டாம்" என்று கெஞ்சினேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "அதுக்கென்னம்மா, இருந்துக்கிடுதோம்" என்றார்கள். நான் வெட்கப்படுவது இதற்குத்தான். அவர்கள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

தபசுக்கு நாலு நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரத்தினம் அண்ணாச்சி பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். புது நாடகத்தில் ராஜா பாம்பு கடித்துச் சாக வேண்டும், ராணி மேலே விழுந்து அழ வேண்டும். வழக்கமாகச் சாகிறவர் தங்கைக்குப் பிரசவம் என்று கரிவலம் போய்விட்டாராம்.

"தலையணையை வச்சு அழுது பாத்துட்டேன்மா. தலையணைக்கு எவ்வளவு அழ முடியுமோ அவ்வளவுதான் வருது."

"எங்க வாத்தியாரை எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். "ஞாயித்துக்கிழமை எப்படியும் அப்படித்தான் கெடக்காரு."

இவர் முனகிக்கொண்டே படுத்தார். அண்ணாச்சியின் வீட்டில் வேஷப் பெட்டிகளுக்கு நடுவே ராஜா கால் நீட்ட இடமில்லை என்பதால் ஒத்திகை எங்கள் கூடத்தில். ஆர்மோனியக்காரர் மூலையில் உட்கார்ந்தார். எல்லாம் அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் எனக்குள் ஒரு மேதை இருந்தாள். செத்தவர் அடிக்கடி தொடையைச் சொறிவதும் வாயைத் திறந்து கொட்டாவி விடுவதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. நான்தான் கால் விரல்களைக் கட்டினேன். நான்தான் தாடையைக் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டேன். காசு வைத்தவளும் நானே. பிறகு ஒரு படி கடலையை மடியில் கொட்டிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"பிராணநாதா! தங்களைப் பிரிந்து இப்பாவி எங்ஙனம் தரிப்பேன்!" என்று அண்ணாச்சி இவர் நெஞ்சில் விழுந்தார். செத்தவருக்குக் கூச்சம் தாங்காமல் வயிறு குலுங்கியது. நான் வாய் நிறையக் கடலையோடு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் என் மாமியார் வாசலில் நின்றார்.

நாலு நாள் முன்னதாகவே பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். வாத்தியார் வீடு எங்கே என்று விசாரித்து, வளவுக்குள் நுழைந்ததும் அழுகைச் சத்தம் காதில் விழுந்திருக்கிறது. பதறி ஓடி வந்தவர் கண்ணில் பட்டது இதுதான்: பிள்ளை பிணமாகக் கிடக்கிறான். முன்பின் தெரியாத ஒருத்தி அவன் மேல் விழுந்து புருஷா என்கிறாள். கட்டிய மருமகள் கடலை தின்றுகொண்டு சிரிக்கிறாள்.

என் மாமியார் குருவிகுளத்தில் ஒப்பாரிக்குப் பேர் போனவர். சாவு விழுந்த துட்டி வீட்டில் அவர் கால் வைத்தால்தான் அழுகை களைகட்டும். கையிலிருந்த மூட்டை விழுந்தது, கொண்டை அவிழ்ந்தது, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்:

"கரிசக்காட்டு வெயிலு படாம
கைக்குள்ள வளத்தேனே – ஒன்னய
கண்ணு காணா ஊருக்குள்ள
காவு குடுத்தேனே!"

நான் சொல்ல வாயெடுத்தேன். கடலை புரைக்கேறிவிட்டது. இவரோ தாடைக் கட்டோடு "ம்ம்! ம்ம்!" என்றார். எழுந்து ஓடப் பார்த்தார். கால் விரல் கட்டியிருந்ததால் ஒரு துள்ளுத் துள்ளி மறுபடியும் விழுந்தார். அத்தை அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் அழுவார், அப்போதுதான் சொல் வரும் என்பார்.

ரத்தினம் அண்ணாச்சியாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவர் அந்த முதல் அடியிலேயே மயிர்க்கூச்செறிந்து, நிஜமாகவே கண்ணீர் விட்டு, அத்தையின் தோளைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழத் தொடங்கிவிட்டார். ஆர்மோனியக்காரர் அதற்கும் மேல். ஒரு தேம்பலுக்குள் அத்தையின் சுருதியைக் கண்டுபிடித்துப் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போனார். துணை கிடைத்ததும் அத்தையின் குரல் இன்னும் ஏறியது:

"எட்டூரு சொல்லி ஒனக்குப்
பொண்ணெடுத்து வந்தேனே – அவ
எழவு வீட்டு நடுவிருந்து
கடலை திங்காளே!"

அவ்வளவு துக்கத்திலும் மோனை தவறவில்லை. ஒருவழியாக நான் கடலையை விழுங்கிவிட்டுக் கத்தினேன்: "எந்திரிங்க! உங்க அம்மா வந்துட்டாக!"

செத்தவர் உட்கார்ந்தார். நெற்றிக் காசு உருண்டுபோய் மாமனாரின் காலடியில் விழுந்தது. அவர் குடையோடு வாசலில் நின்றிருந்தார். அத்தை கண்ணைத் திறந்து பிள்ளையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் தோளைக் கட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "ஏட்டி, நீ யாருட்டி?" என்றார்.

"நான் ரத்தினம்மா" என்றது ஒரு கட்டைக் குரல்.

அத்தை அலறிக்கொண்டு இரண்டடி தள்ளி விழுந்தார். எழுந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையின் முதுகில் நாலு சாத்துச் சாத்தினார். "உசுரோடவாலே கெடந்தே? உசுரோடவா?" என்று அடித்துக்கொண்டே இவரைக் கட்டிப்பிடித்து அழுதார். இந்தத் தடவை பாட்டு இல்லை.

மாமனார் குரலை உயர்த்தவில்லை. வளவு முழுக்க முற்றத்தில் வந்து நின்றது. அவர் தவிலைப் பார்த்தார், கொடியில் காய்ந்த ராஜா உடுப்பைப் பார்த்தார். "பெரிய மனுசங்க தெருவோ?" என்றார் என்னிடம். பிறகு பிள்ளையிடம், "ஏலே ஆவுடை, பெட்டியைக் கட்டு. கூத்தாடிக் கூட்டத்துக்குள்ள நம்ம குடும்பம் இருக்கப்படாது."

இவர் கால் கட்டை அவிழ்த்துவிட்டுப் பெட்டியைத் தேட ஆரம்பித்தார். (அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை. தாடைக் கட்டை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை.) எனக்கு அந்தத் தொழுவம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒட்டிப்போன சட்டி வந்தது. இடுப்பில் செருகியிருந்த சாவியைக் கையால் பிடித்துக்கொண்டேன். அதுவரை மாமனாருக்கு எதிரில் நின்று பேசியதே இல்லை.

"நான் வரமாட்டேன் மாமா."

"என்னது?"

"வரமாட்டேன். பொய் எழுதுனது என் தப்பு. பெரிய மனுசங்கன்னு எழுதுனது பொய்யில்ல. பங்குனியில காய்ச்சல்ல பத்து நாள் கெடந்தேன். உங்களுக்குக் கடுதாசி போட்டோம். காட்டுல வேலை கெடக்கு, வர முடியாதுன்னு பதில் வந்துது. பத்து நாளும் எனக்குக் கஞ்சி காச்சி ஊத்துனது இந்த ரத்தினம் அண்ணாச்சி. துணி அலசிப் போட்டது தவில்காரர் வீட்டம்மா. இவுகளைத்தான் உங்க முன்னால ஒளிஞ்சுக்கிடச் சொன்னேன் நான். அந்தப் பாவம் போதும். உங்க மகனைக் கூட்டிட்டுப் போங்க. நான் இங்கனதான் இருப்பேன்."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். பெட்டியோடு வந்த இவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தாடைக் கட்டோடு பேச முடியாத மனிதர் அதைவிடத் தெளிவாக என்ன சொல்லிவிட முடியும்!

அத்தைதான் அண்ணாச்சியிடம் திரும்பினார். "காய்ச்சல்காரிக்கு நீராய்யா கஞ்சி வச்சீரு?"

"ஆமாம்மா. உப்புத்தான் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

அத்தை அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்துகொண்டார். மூட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் அடுப்படிக்குள் போனார். "கறி வைக்க என்னட்டி இருக்கு? கடலையத் தவிர?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாமனார் தனியாகவே புறப்பட்டு மேலநீலிதநல்லூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வருஷம் வளவில் கால் வைக்கவில்லை. என் பெயரையும் சொல்வதில்லை. "அந்தக் கொட்டகை வளவுக்காரி" என்பார், அதைச் சொல்லும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்வார். அத்தை தபசு முடிகிற வரை இருந்தார், பிள்ளை தூங்கும்போது மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். வளவில் ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. நாடகத்தில் ராணி, "கரிசக்காட்டு வெயிலு படாம" என்று எடுத்ததும் கொட்டகையில் பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்த, என் மாமியார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அது எங்க வீட்டு அழுகை" என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த வளவில் பதினோரு வருஷம் இருந்தோம். மூன்று பிள்ளைகளும் தவில் சத்தத்தில்தான் தூங்கிப் பழகினார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் பகலில் கால் நீட்டிப் படுத்தாலும் யாராவது சத்தமில்லாமல் நெற்றியில் ஒரு காசை வைத்துவிட்டு, "எந்திரிங்க, உங்க அம்மா வந்துட்டாக" என்பார்கள். இவர் எண்பது வயதிலும் அதற்குத் துள்ளி எழுந்திருக்கிறார்.

போன தையில் இவர் போய்விட்டார். தூக்கத்தில், சிரமம் இல்லாமல். மகள்தான் தாடையையும் கால் விரல்களையும் கட்டினாள். அவள் நெற்றியில் காசு வைக்கும்போது நான் குனிந்து காதில் சொன்னேன்: "எந்திரிங்க, உங்க அம்மா வந்துட்டாக."

அசையவில்லை. தொடையைக்கூடச் சொறியவில்லை. அறுபது வருஷத்துக்குப் பிறகு மனிதர் ஒருவழியாக நான் சொன்னபடி ஒழுங்காகச் செத்துக் கிடக்கிறாரே என்று நினைத்தேன், சிரித்துவிட்டேன். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். சம்பந்தி வீட்டுப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். "கெழவிக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்று ஒருத்தி கேட்டது என் காதிலேயே விழுந்தது.

என் மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எங்கம்மா கொட்டகை வளவுக்காரி" என்றாள்.