முடிவுசொல்லி அருட்பிரகாசம்

முடிவுசொல்லிகள் என்றொரு இனம் உண்டு, வாசகரே. பக்கத்து இருக்கையில் அமர்ந்து, "இப்ப பாருங்கோ, இவன் சாகப்போறான்" என்று உங்கள் காதுக்குள் சொல்லிவிட்டு, அவன் செத்ததும் தாமே சுட்டதுபோல் உங்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பவர்கள். இவர்களில் மேல்தட்டு ஒன்று இருக்கிறது. அது இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஹாலிவுட் படங்களை மட்டுமே பார்க்கும். புதுப்படத்தின் முடிவை யாரும் போட்டுடைக்கலாம். எண்பது வருடப் பழைய படத்தின் முடிவைக் கெடுப்பதற்குப் படிப்பு வேண்டாமா?

பாரிஸில் ஈழத்தமிழர் கடைத்தெருவான லா ஷப்பலில் இந்தப் படிப்புப் படித்தவர் அருட்பிரகாசம். உணவகத்தில் கொத்துரொட்டி போடுகிறார். விடுமுறை வந்தால், பழைய படங்கள் ஓட்டும் சின்னத் தியேட்டருக்கு மெத்ரோ ரயில் பிடித்துவிடுவார். நாயகனை அவர் கவனிப்பதில்லை. அது பாமரர் வேலை. மூன்றாவது மேசையில் கோப்பை துடைக்கிறவர் யார், அவர் வேறு எந்தப் படத்தில் ஜெர்மன் அதிகாரியாக வந்து எத்தனையாவது நிமிடத்தில் சுடப்பட்டார், நாயகியின் கண்ணீருக்கு எத்தனை விளக்குப் போட்டார்கள், எல்லாம் அத்துப்படி. குண்டு விழும்போது மனிதன் எப்படி நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று சாப்பிட வந்த பொன்னம்பலத்தாருக்கு ஒருநாள் நடித்தே காட்டினார்.

"தம்பி, நாங்கள் நிக்கேல்லை. படுத்தனாங்கள்," என்றார் பொன்னம்பலத்தார்.

அருட்பிரகாசமும் யாழ்ப்பாணத்துப் பதுங்கு குழியில் படுத்தவர்தான். அங்கே பின்னணி இசை இல்லாததால் அதை அவர் பெரிதாக மதிப்பதில்லை.

மனைவி கௌரியை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. பத்து வருடக் குடித்தனத்தில் ஒரு படத்தின் முடிவையாவது அவள் தன் கண்ணால் அறிந்துகொண்டதில்லை. இந்தப் பிறந்தநாளுக்குச் சேலை வேண்டாம், சங்கிலி வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஒரேயொரு படம். முடியுமட்டும் நீங்கள் முடிவைப் பற்றி வாய் திறக்கப்படாது."

"ஓமப்பா, சத்தியமா."

போனார்கள். பின்வரிசையில் நானும் இருந்தேன். ஜெர்மன்காரர் பிடித்த ஊரில், காயம்பட்ட விமானியைத் தன் விடுதி மாடியில் ஒளித்து வைத்திருக்கிறாள் நாயகி. காப்பாற்றுவாளா, காட்டிக்கொடுப்பாளா? கௌரி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். மனுஷன் எண்பத்தேழு நிமிடம் தாங்கினார். கழுத்துத் துணியைக் கடித்தார், தொடையைக் கிள்ளினார், இரண்டு தரம் விக்கினார். மூன்றே நிமிடம் பாக்கி. அதிகாரி படியேறி மாடிக் கதவில் கைவைக்கிறான்.

"இது முடிவில்லை, வேறை விசயம்," என்று வெடித்தார் அருட்பிரகாசம். "இந்த ஜெர்மன் அதிகாரியா வாறவர் உண்மையிலை ஜெர்மன்காரருக்கே பயந்து அமெரிக்காவுக்கு ஓடின அகதி!"

கௌரி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அகதியோ? அவருக்குக் கார்ட் கிடைச்சதே?"

அகதி மனுப் போட்டு வதிவிட அட்டைக்குக் காத்துக்கிடந்த லா ஷப்பல்காரி வேறென்ன கேட்பாள்?

"கார்டோ..."

"முதல்தரமே குடுத்தவங்களோ, ரிஜெக்ட் பண்ணி அப்பீலோ? பெண்சாதி பிள்ளையளைக் கூப்பிட்டவரோ?"

அந்த நடிகர் எத்தனை படத்தில் எத்தனை தரம் செத்தார் என்பதெல்லாம் அருட்பிரகாசத்துக்குத் தெரியும். அவர் எப்படிப் பிழைத்தார் என்பது தெரியவில்லை. கௌரி விடாமல் கேட்டுக்கொண்டே போனாள்.

"ஷ்ஷ்!" என்றாள் முன்வரிசைப் பிரெஞ்சுக் கிழவி ஜெனவியேவ்.

அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது திரையில் 'முற்றும்' வந்துவிட்டது. விளக்குப் போட்டார்கள். கௌரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"சொல்லட்டே?" என்றார் கணவர்.

"வேண்டாம்! அடுத்த கிழமை நான் தனிய வந்து பாப்பன்."

கேட்டுக்கொண்டிருந்த ஜெனவியேவ், மொழி புரியாவிட்டாலும் கண்ணீர் புரிந்து, கௌரியின் கையை அன்போடு பிடித்துப் பிரெஞ்சில் ஆறுதல் சொன்னாள்: "கவலைப்படாதீர்கள் மதாம், அவள் அவனைக் காப்பாற்றிவிட்டாள்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவர் "என்ன படிச்சுச் சிரிக்கிறீர்கள்?" என்று இப்போது கேட்டால், அந்தக் கிழவி கடைசியில் என்ன செய்தாள் என்றுதானே முதலில் சொல்லப்போகிறீர்கள்?